ஊசி மாமா

வெனிஸ் கார்டன்ஸில் பெயரில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது. சரவணம்பட்டிக்கு அப்பால் நிற்கும் அந்த அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. தீர்மானங்களுக்கு மட்டும் அங்கே என்றைக்கும் தட்டுப்பாடு இருந்ததில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் சென்னியப்பன் பம்புசெட் தொழிலதிபர். மைக் இல்லாமலே மைக் வைத்ததுபோலப் பேசுவார். மைக் கொடுத்தால் அதைத் திருப்பி வாங்குவது சிரமம். 'உலகத்தரம்' என்ற சொல்லை அவர் லிஃப்டுக்கும் சொல்வார், குப்பைத்தொட்டிக்கும் சொல்வார்.

அந்த ஆண்டுதான் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக 'இளங்காப்பு' திட்டம் வந்தது. விளக்கிச் சொல்ல மெர்லின் என்ற களப்பணியாளர் சங்கக் கூடத்துக்கு வந்திருந்தாள்.

"அம்மைக்கு ஊசி போடறோமில்லைங்க, அதே கதைதான்" என்று ஆரம்பித்தாள். "ஊசிக்குள்ள இருக்கறது பலமில்லாத கிருமி. அது போய் உடம்புக்கு நிஜக் கிருமியை அடையாளம் காட்டிக் கொடுக்கும். இங்க கிருமிக்குப் பதிலா ஒரு அந்நியன். உங்க குழந்தை டேப்லெட்ல படம் வரையறப்பவோ விளையாடறப்பவோ புதுசா ஒருத்தர் வந்து பேசுவாரு. ஒரு நாளைக்குச் சின்னப் பையன் மாதிரி, ஒரு நாளைக்குப் பாட்டு டீச்சர் மாதிரி. அத்தனையும் எங்க மெஷின்தான். இனிப்பாப் பேசும். பேர் கேட்கும், ஸ்கூல் கேட்கும், போட்டோ கேட்கும். கடைசியில, 'இதை அம்மாகிட்டச் சொல்லிராதே'ன்னு சொல்லும்."

முன்வரிசையில் ஒரு தாய் மார்பில் கை வைத்து, "ஐயோ, குழந்தை ஏமாந்துட்டா?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாதுங்க. திரை சாம்பல் நிறமா மாறிடும். 'இப்ப யாருகிட்டப் பேசினோம், யோசிப்போமா?'ன்னு கேட்கும். மனசு லேசா வலிக்கும். ஊசின்னா வலிக்கத்தானே செய்யும்?"

"ஏமாறலைன்னா?"

"உங்ககிட்ட வந்து சொல்லும். நீங்க உக்காந்து முழுசாக் கேட்கணும். கேட்டு முடிச்சதும் உங்க போன்ல 'கேட்டேன்'னு ஒரு பொத்தான் இருக்கும், அழுத்துங்க. அவ்வளவுதான். குழந்தை சொல்றதும் நீங்க கேட்கறதும்தான் மருந்தே. அந்நியன் வெறும் ஊசி."

கூடம் மரியாதையாகக் கைதட்டியது. சென்னியப்பன் எழுந்தார்.

"ரொம்ப அருமைங்க மேடம். உலகத்தரம். ஒரே ஒரு சந்தேகம். நூத்துக்கு எத்தனைங்க?"

"எது சார்?"

"மார்க்குங்க."

"மார்க் கிடையாதுங்க சார். எந்த அந்நியன் எங்களுது, எவன் நிஜம்னு குழந்தைக்கும் தெரியக்கூடாது, உங்களுக்கும் தெரியக்கூடாது. பரீட்சைன்னு தெரிஞ்சுட்டா மருந்து பிடிக்காது."

"அது சரிங்க. மார்க்கே இல்லைன்னா, என்ற பையன் முன்னாடி இருக்கறானா பக்கத்து வீட்டுப் பையன் முன்னாடி இருக்கறானான்னு எப்படீங்க கண்டுபுடிக்கறது?"

கூடத்தில் தலைகள் ஆடின. நியாயமான கேள்வி. இப்படி ஒரு கேள்வி வருமென்று திட்டத்தை வகுத்த விஞ்ஞானிகள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவர்களில் யாரும் இந்தப் பக்கம் பிள்ளை வளர்த்ததில்லை போலும்.

அடுத்த கல்வியாண்டுக்குள் மார்க் வந்துவிட்டது. பெற்றோர் மனுமேல் மனு போட்டார்கள். திட்டத்தை நடத்திய நிறுவனம் பணிந்தது. அந்நியன் வாய் திறந்ததும் எத்தனை வேகமாகக் குழந்தை டேப்லெட்டில் புதிதாக வைத்த சிவப்புப் பொத்தானைத் தட்டுகிறது, பெரியவர் எத்தனை வேகமாக 'கேட்டேன்' அழுத்துகிறார் என்று இரண்டையும் கூட்டி 'காப்பு மதிப்பெண்' தயாரானது. பள்ளிகள் சேர்க்கைக்கு அதைக் கேட்டன. கேட்ட மறுவாரமே பி பிளாக் சௌந்தரம் மிஸ் வீட்டு வாசலில் பலகை ஏறியது: 'அந்நியர் பயிற்சி வகுப்பு. மாலை இரு பிரிவுகள். சென்ற மாத முக்கிய அந்நியர்கள் மாதிரியுடன்.'

மிஸ் கெட்டிக்காரி. மெஷின் அந்நியன் கேள்வி கேட்குமுன் ஒரு கணம் தயங்குவான் என்பதையும், எந்த வேடத்தில் வந்தாலும் முதலில் பிடித்த நிறத்தைத்தான் கேட்பான் என்பதையும் கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தாள். பிள்ளைகளுக்கு அவன்மேல் பயமே போய்விட்டது. 'ஊசி மாமா' என்று அவர்களே பெயரும் வைத்தார்கள். "இன்னிக்கு ஊசி மாமா ரெண்டு தடவை வந்தாருடா, ரெண்டுக்கும் ஃபுல் மார்க்" என்று லிஃப்டில் பேசிக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்த சிக்கல் 'கேட்டேன்' பொத்தான்தான். பெரியவர்களுக்கு நேரமில்லை. சென்னியப்பன் தன் கம்பெனி இன்ஜினியரைக் கூப்பிட்டு அந்தப் பொத்தான் தானாகவே அழுந்தும்படி ஏற்பாடு செய்தார்; சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் அதை இலவசமாக வழங்கிக் கைத்தட்டலும் வாங்கினார். ஒரு முறை அவருடைய எட்டு வயது மகன் நிகிலன் டேப்லெட்டோடு வந்து, "அப்பா, இன்னிக்கு ஒருத்தர் வந்து என்ன சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தான். "அது தானாப் போயிரும் கண்ணு, நீ அடுத்ததைப் பாரு" என்றார். பையன் அடுத்ததைப் பார்க்கப் போனான். அதற்குப் பிறகு அவன் வந்து எதையும் சொல்லவில்லை. மாதா மாதம் நூற்றுக்கு நூறு வாங்கினான். அவன் படம் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டது.

அதே லிஃப்டில் தினமும் ஏறி இறங்கிய இதழினிக்கு ஏழு வயது, மார்க் முப்பத்தெட்டு. அவள் அம்மா வான்மதி பல் மருத்துவர், அப்பா சரக்குக் கப்பலில் அதிகாரி. நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேச முடியாதவர்களோடு இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் யாராவது பேசினால் வான்மதிக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். பேசுவதற்கு இதழினியும் தயாராக இருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஊசி மாமா குட்டிப் பையனா வந்தாரு."

"ம்."

"எந்த ஸ்கூல்னு கேட்டாரு. நீங்க எந்த ஸ்கூல்னு நான் கேட்டேன். அவரு சொல்லவே இல்லை. ஸ்கூலுக்கே போகலை போல, பாவம்."

"அப்புறம்?"

"போட்டோ அனுப்புன்னாரு. நம்ம மாவாட்டற மெஷினை எடுத்து அனுப்பினேன். 'நீ எங்கே இருக்கே'ன்னாரு. மெஷினுக்குப் பின்னாடின்னேன்."

வான்மதிக்குத் தோசை கருகியது. இவ்வளவையும் கேட்டு முடித்து அவள் பொத்தானை அழுத்தும்போது நேரம் எப்போதோ கடந்திருக்கும், மார்க் போயிருக்கும். சௌந்தரம் மிஸ் ஒரு நாள் வழியில் நிறுத்தி இரக்கத்தோடு சொன்னாள்: "டாக்டர், குழந்தை ரொம்பப் பேசுது. ரெண்டு மாசம் என்கிட்ட விடுங்க. பேச்சை நிறுத்திக் காட்டறேன்."

"அது பேசினாத்தானேங்க எனக்குப் பொழுது போகும்" என்று வான்மதி சிரித்துக்கொண்டே நழுவினாள்.

இந்த நிலையில்தான் விருது வந்தது. 'அகில பாரத மழலைக் காப்பு மாமன்றம்' வெனிஸ் கார்டன்ஸை நாட்டிலேயே பிள்ளைகளுக்கு மிகப் பாதுகாப்பான அடுக்ககமாகத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பத்தைச் சென்னியப்பனே தன் கையால் தயாரித்து அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை விழா. மாமன்றத் தலைவர் நேரில் வந்து விருது வழங்குவார். கூடம் முழுக்கச் செயற்கை மல்லிகை, மேடையில் நிஜ மல்லிகை, வாசலில் சென்னியப்பனின் ஆளுயரப் படம். அதில் அவர் ஒரு குழந்தையைக் கைகளில் ஏந்திக் கணினியிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை. வான்மதி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஊசி மாமா இப்பத்தான் வந்துட்டுப் போனாரு."

"என்ன வேஷம் இன்னிக்கு?"

"வேஷம் இல்லைம்மா. 'நான்தான் ஊசி மாமா'ன்னே சொன்னாரு."

பின்னிய கை நின்றது.

"எனக்கு முப்பத்தெட்டுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம வீட்டு நம்பர் கூட. கருணை மார்க் போட்டுத் தூக்கி விடறாராம். ஆனா அம்மாகிட்டச் சொன்னா மார்க் கட்டாம்."

"அப்புறம்?"

"வீட்டைச் சுத்திக் காட்டுன்னாரு. வீடெல்லாம் துணியாக் கெடக்குது, காட்டினா அம்மா வைவாங்கன்னேன்."

"அப்புறம் கண்ணு?"

"நிகிலன் எல்லாத்தையும் காட்டிட்டானாம். கதவு, லிஃப்ட், கார் நிக்கற இடம், எல்லாம். டாப்பர்ஸுக்கு மட்டும் ஸ்பெஷல் ரவுண்டாம், அவன் ஃபைனலுக்கே போயிட்டானாம். இன்னிக்கு எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாட்டுப் பாடறப்ப அவன் பின் கேட்டுக்குப் போகணுமாம், அங்க கார்ல மெடல் வச்சிருக்காங்களாம். நீயும் வர்றியான்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"அம்மாகிட்டக் கேட்டுட்டு வர்றேன்னு சொன்னேன். டக்குனு போயிட்டாரு."

வான்மதி பாதிப் பின்னலோடு மகளை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடியபடியே மெர்லினை அழைத்தாள்.

"மெர்லின், உங்க மெஷின் 'நான்தான் ஊசி மாமா'ன்னு தானாச் சொல்லுமா? பின் கேட்டுல கார் நிக்குது, வான்னு பிள்ளையைக் கூப்பிடுமா?"

"எந்த மாமாங்க டாக்டர்?"

"உங்க அந்நியன். பிள்ளைங்க வச்ச பேரு."

"அப்படி ஒரு பேர் இருக்கறதே எனக்கு இப்பத்தாங்க தெரியும். எங்க மெஷின் தன்னை மெஷின்னு எப்பவும் ஒத்துக்காது. நேர்ல வரச் சொல்லாது. டாக்டர், அது நாங்க இல்லை. ஓடுங்க. நான் போலீசுக்குச் சொல்றேன்."

அவர்கள் கூடத்துக்குள் நுழையவும் தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கவும் சரியாக இருந்தது. முந்நூறு பேர் விறைத்து நின்றார்கள். மேடையில் பட்டு வேட்டியில் சென்னியப்பன், கண்ணை மூடி, உதடசைத்து, புகைப்படக்காரர் இருக்கும் திசையில் லேசாகத் திரும்பி நின்றார். வான்மதி நடுவழியில் விறுவிறுவென்று நடந்தாள். அத்தனை கண்களும் அவளைச் சுட்டன. ஒரு உடம்பும் அசையவில்லை. மேடைப் படியேறி அவர் காதருகே போனாள்.

"நிகிலன் எங்கீங்க?"

அவர் உதடு பிரியாமல், "பாட்டு முடியட்டுங்க டாக்டரம்மா" என்றார்.

"நிகிலன் எங்கன்னு கேட்டேன்."

"அக்கட்டால, முன்வரிசையில..." கண்ணைத் திறந்து பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. "பாத்ரூம் போயிருப்பானுங்க."

"பின் கேட்டுல ஒரு கார் நிக்குது. அதுல ஏறப் போயிருக்கான். எவனோ டேப்லெட்ல வந்து கூப்பிட்டிருக்கான்."

"அவனையா? அவனை எவனுங்க ஏமாத்த முடியும்? நூத்துக்கு நூறுங்க அவன்!"

"அந்த நூறைக் காட்டித்தாங்க ஏமாத்தியிருக்காங்க."

வாழ்த்தில் இன்னும் இரண்டு வரி பாக்கி. சென்னியப்பன் வாழ்க்கையில் ஒரு விழாவையும் பாதியில் விட்டவரல்ல. அவர் மேடையிலிருந்து குதித்தார். ஒரு மல்லிகைச் சரம் காலில் சிக்கி அவரோடு வந்தது. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்து, ஜெனரேட்டர் அறையைச் சுற்றி, சைக்கிள் வரிசையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு, செருப்பில்லாத காலோடு அந்தப் பெரிய உடம்பு ஓடியதைப் பார்த்தவர்கள் பிற்பாடு சிரிக்கவில்லை. நல்ல ஓட்டம் அது.

பின் கேட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. தலை வாரி, விழாச் சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டு, நிகிலன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான்.

"நிகிலா!"

சரவணம்பட்டி வரை கேட்டிருக்கும். பையன் திரும்பினான். அவன் முகத்தில் பயமில்லை, எரிச்சல்தான் இருந்தது. விரலை உதட்டில் வைத்தான்.

"கத்தாதீங்கப்பா! மார்க் போயிரும்!"

உள்ளிருந்து ஒரு கை நீண்டு அவன் தோளைப் பற்றியது. ஆனால் அதற்குள் ஓட்டுநர் சென்னியப்பனைப் பார்த்திருக்க வேண்டும். கார் கதவு ஆடியபடியே சீறிக் கிளம்பியது. நிகிலன் மண்ணில் விழுந்தான். ஒரு முழங்கால் சிராய்ப்பு, ஒரு சட்டைப் பொத்தான், சேதம் அவ்வளவுதான். மெர்லின் முந்திக்கொண்டு தகவல் சொல்லியிருந்ததால், அந்தக் காரை அடுத்த சுங்கச்சாவடியிலேயே மடக்கினார்கள். அதில் இருந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்பதைப் போலீசார் பின்னால் சொன்னபோது, சென்னியப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். இங்கும் அது வேண்டாம்.

கார் மறைந்த அந்த நிமிடத்தில் அவர் மண்ணில் உட்கார்ந்து மகனைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகன் திமிறி அழுதான்.

"கடைசி ரவுண்டுப்பா. ஒரே ஒரு ரவுண்டுதான் பாக்கி. எல்லாம் போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லை சாமி?"

"உங்ககிட்ட எப்படிப்பா சொல்றது?" பையன் உண்மையாகவே புரியாமல் பார்த்தான். "அது தானாத்தானே போகும்?"

சென்னியப்பனுக்குப் பேச்சு வரவில்லை. அது வெனிஸ் கார்டன்ஸில் யாரும் அதுவரை பார்த்திராத காட்சி.

சற்றுப் பொறுத்து வான்மதி கேட்டாள்: "சார், ஊசி மாமாங்கற பேரு இந்தக் காம்பவுண்டைத் தாண்டினதில்லைங்க. மெர்லினுக்கே தெரியலை. அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது? எம் பொண்ணு மார்க்கு, வீட்டு நம்பர், இன்னிக்கு பாட்டு எப்பன்னு கூட."

அவர் காலில் இன்னும் ஒட்டியிருந்த மல்லிகைச் சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மெல்லப் பிரித்தெடுத்தார்.

"விண்ணப்பத்துலீங்க" என்றார். "பிள்ளைங்க பேரு, போட்டோ, மார்க்கு, வீட்டு நம்பரு, யாரு யாரு அப்பா அம்மா வேலைக்குப் போறவங்க... எல்லாம் கேட்டாங்க. 'எங்கள் மழலைகள் அன்போடு ஊசி மாமா என்றழைப்பார்கள்'னு நான்தானுங்க கட்டுரையில எழுதினேன். நிகழ்ச்சி நிரலும் நேத்து அனுப்பிச்சேன்."

"மாமன்றத்துக்கு."

"மாமன்றத்துக்கு."

"அவங்களை நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க. என்ற பேச்சை வீடியோல பாத்தாங்களாம், இப்படி ஒரு தலைவரை நாட்டுல பாக்கலைன்னாங்க. தினமும் காலைல ஒரு வாழ்த்து. அப்புறம் போட்டோ கேட்டாங்க. அப்புறம் பட்டியல். தேர்வு முறை ரகசியம், முடியற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க." நிறுத்தினார். "நானும் சொல்லலை."

இதழினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்கிளுக்கு எத்தனை வயசும்மா?" என்று மெதுவாக விசாரித்தாள். வான்மதி அவள் வாயைப் பொத்தினாள்.

"பட்டியல்ல எல்லாப் பிள்ளைகளும் இருக்காங்களா சார்?"

"எல்லாரும்ங்க."

"அப்ப உள்ள போய்ச் சொல்லிருங்க."

"போலீஸ்ல மட்டும் சொன்னாப் பத்தாதுங்களா?" அந்தக் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "நானே போய் எழுதிக் கொடுத்துடறனுங்க. மெஷின்ல கோளாறுன்னு இவங்ககிட்டச் சொல்லிக்கலாம்."

"கார்ல வந்தவங்க எத்தனை பேரு, டேப்லெட்ல இருக்கறவங்க எத்தனை பேருன்னு நமக்குத் தெரியாதுங்க. இவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் இப்ப அந்த ஆளுதான் ஊசி மாமா. மெஷின்மேல பழி போட்டீங்கன்னா, இவங்க மெஷினை மாத்திட்டு நிம்மதியாத் தூங்கிருவாங்க."

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினரைக் காணோம். மேடையோரம் சௌந்தரம் மிஸ் தலைவரை மடக்கினாள். வேட்டியில் இருந்த மண்ணையும் அவர் முகத்தையும் பார்த்துப் பாதியை ஊகித்துக்கொண்டாள்.

"தலைவரே, டிராஃபிக்னு சொல்லிடலாம். நான் அதுக்குள்ள பிள்ளைகளை விட்டு ஒரு நாட்டியம் போட்டுடறேன். விருதை அப்புறமா நாமளே செஞ்சு வச்சுக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

திறமையான யோசனை. அரை மணி நேரம் முன்பு அது சென்னியப்பனின் யோசனையாகவே இருந்திருக்கும். அவர் கூடத்தைப் பார்த்தார். முன்வரிசையில் நிகிலன் முழங்காலை ஊதிக்கொண்டிருந்தான். சென்னியப்பன் மிஸ்ஸை மெல்ல விலக்கிவிட்டு மைக்கிடம் போனார்.

அவர் பேச்சுகள் வழக்கமாக ஒரு மணி நேரம் போகும். இது அவ்வளவு போகவில்லை. 'மாண்புமிகு' இல்லை, 'உலகத்தரம்' இல்லை, கவிதை இல்லை. மாமன்றம் என்று ஒன்றும் இல்லை என்றார். முகம் தெரியாத ஒருவன் தன்னைப் புகழ்ந்தான் என்றார். அது பிடித்திருந்தது என்றார். உங்கள் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் வீட்டு எண்ணையும் நான்தான் அவனுக்கு அனுப்பினேன் என்றார். சற்று முன் பின் கேட்டில் நடந்ததை, மகன் சொன்ன வார்த்தை உட்பட, அப்படியே சொன்னார். 'கேட்டேன்' பொத்தானைத் தானாக அழுந்த வைத்ததும் நான்தான், இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் டேப்லெட்டில் யார் யார் பேசினார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள் என்றார். "என்னை வையறவங்க அப்புறம் வைங்க. முதல்ல அதைக் கேளுங்க" என்று முடித்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் அதை அழகுபடுத்த முயலவில்லை. வெனிஸ் கார்டன்ஸின் வரலாற்றில் சென்னியப்பன் ஆற்றிய சிறந்த உரை அதுதான். அதற்குத்தான் கைத்தட்டல் இல்லை.

சில பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து நின்று கத்த வாயெடுத்தார், அவர் வீட்டுப் பையன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, எனக்கும் வந்தாருப்பா. பால்கனியைக் காட்டினேன்" என்றான். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூடமெங்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவின் காதில் பேசத் தொடங்கினார்கள். மருந்து பிடிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று மெர்லினுக்குத் தெரிந்திருந்தால், இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருப்பாள்.

அந்தச் சலசலப்புக்குள் ஓய்வுபெற்ற பேராசிரியர் சிவஞானம் தொண்டையைக் கனைத்தபடி மேடைக்கு வந்தார். தலைவரைக் கண்டிக்கத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"எங்க ஹால்ல மாட்டியிருக்கற வெளிநாட்டு கௌரவ டாக்டர் பட்டம்" என்றார் மைக்கில். "அப்படி ஒரு பல்கலைக்கழகமே இல்லை. வாங்கின பிற்பாடுதான் தெரிஞ்சுது. என் சம்சாரத்துக்கே இன்னிக்குத்தான் தெரியுது."

அவர் சம்சாரம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். "எனக்கு அப்பவே தெரியுமுங்க. நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள், கேலிச் சிரிப்பில்லை. பேராசிரியர் இறங்குவதற்குள் கீழே ஒருவர் நின்றார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஆறு மாதமாகத் தினமும் காலை வணக்கம் அனுப்பிய ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றிச் சொல்ல சௌந்தரம் மிஸ் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். பிள்ளைகள் முன்னால் நகர்ந்து வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. யாராவது சொல்லத் தயங்கி நின்றால், "பரவாயில்லை ஆன்ட்டி, மெதுவாச் சொல்லுங்க" என்றார்கள். நிகிலன் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் முகத்தையும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாடு பின்னறையில் ஆறிக்கொண்டிருந்தது.

இதழினி அவிழ்ந்த பின்னலைத் தள்ளிவிட்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க போகலையாம்மா?"

"நான் எதுக்குடா?"

"தினமும் நான்தானே சொல்றேன்? இன்னிக்கு நீங்க சொல்லுங்க, நான் கேட்கறேன்" என்று இதழினி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வான்மதி மேடையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த போனை மகளின் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோய், வரிசையின் கடைசியில் நின்றாள்.